தெலுங்குக்குப் பங்காளி

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா, தாள் பறக்கிறது. நான் சொல்வதை இந்த ஏட்டு நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் வன்னியபெருமாள். கோவில்பட்டியில் ஒரு கணினி மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை. கயத்தாறு பக்கத்துத் தீப்பெட்டி ஆலை ஒன்றுக்கு ஒடிசா மலையிலிருந்து நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். அவர்கள் பேச்சு கூயி. தமிழில் சொல்வதை அந்தப் பேச்சில் ஒலிக்கிற ஸ்பீக்கர் வேண்டும் என்று ஆலைக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு மாதக் கெடு.

கூயியில் எழுத்து கொஞ்சம்தான் கிடைக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் நெருங்கிய மொழி ஒன்றைப் பிடித்து இயந்திரத்தைப் பழக்கி, பிறகு உண்மையான மொழியைக் கொஞ்சம் ஊட்டுவது எங்கள் தொழில் வழக்கம். மொழிகளின் வம்சாவளிப் படத்தில் கூயிக்குப் பக்கத்தில் தெலுங்கு இருந்தது. தெலுங்கு பேசும் வீடுகள் நம் கரிசல் ஊர்களிலேயே உண்டு. நாலு ஊரில் அவர்கள் பேச்சைப் பதிந்து வந்தேன். கூயியை ஊட்டுவதை விட்டுவிட்டேன். சொந்தத்துக்குள் முடித்தால் தொல்லை குறைவு.

கூட வேலை பார்க்கும் சுகுணாதான் முரண்டு பிடித்தாள்.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர் பேசுதது முழுத் தெலுங்கு. அந்தப் பிள்ளைய முழிக்குதுவ."

"ரெண்டும் ஒரே குடும்பம்மா."

"ஒங்க சித்தப்பா மகன் தின்னா ஒங்களுக்கு வயிறு நெறைஞ்சிருமோ?"

சோதனை வைத்தேன். பெண்களை வரிசையாக நிறுத்தி, மேலாளர் தங்கச்சாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை ஒலிக்கவிட்டு, "புரியுதா?" என்று கேட்டேன். நாற்பது பேரும் தலையாட்டினார்கள்.

"எம்புட்டு சூட்டிகையா இருக்குதுவ பாத்தியளா" என்றார் தங்கச்சாமி.

நூற்றுக்கு நூறு என்று எழுதினேன்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். பதினோரு வயதில் இதே மாதிரி ஆலையில் தீக்குச்சி அடுக்கியவன் நான். மேலாளர் கேட்டால் ஆட்ட வேண்டும். ஆட்டாத பிள்ளைக்கு மறுநாள் வேலை இருக்காது. இரைச்சலில் அவர் என்ன சொன்னார் என்று பிறகு பக்கத்தில் இருப்பவளைக் கேட்போம். அவளுக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் சபிதா என்ற பெண் சுகுணாவிடம் வந்து, அரைகுறைத் தமிழில், "அக்கா, அது எங்க பேச்சு இல்ல" என்றிருக்கிறாள். சுகுணா அதை அறிக்கையில் சேர்த்தாள். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். அந்த வரியை நான்தான் எடுத்தேன்.

ஸ்பீக்கர் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. சிந்திய தீக்குச்சி மருந்தைக் காய்ந்தபடி பெருக்காதே, முதலில் தண்ணீர் தெளி என்று மணிக்கொரு தரம் சொன்னது. அன்றைக்கும் சொன்னது, நல்ல தெலுங்கில். சபிதா வாரியலை எடுத்தாள். மருந்து உரசினால் பற்றும். அவளோடு இன்னும் இரண்டு பேர் தீயில் போய்விட்டார்கள்.

புரியாது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மொழித் தேர்வில் தப்பில்லை ஐயா, அதையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் சத்தீஸ்கரிலிருந்து கோண்டி பேசுகிறவர்கள் அந்த ஆலைக்கு வருகிறார்களாம். கோண்டியும் தெலுங்குக்குப் பங்காளிதான். ஸ்பீக்கரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.