விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு

தலைமன்னார் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு தம்பதி. கைக்குழந்தை கணவரின் மடியில்.

“இத்தனை வருஷம் வலை இழுத்துக் காய்ச்சுப்போன விரல். அதுதான் பயமாக் கிடக்கு,” என்றார் அவர்.

“புது வேலையில காத்தாலை இறக்கையைக் கழுவுறதுக்கு விரலென்னத்துக்கு?” என்றா மனைவி.

“கழுவினாப்பிறகு விளிம்பைத் தடவிப் பாத்துச் சொல்லவேணும். உப்போ மண்ணோ கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் காத்து வழுக்கிப் போகாது, குழம்பிப்போகும். கரண்ட் குறையும். நேற்று நான் வழுவழுப்பு எண்டு சொன்ன இறக்கையை இண்டைக்குக் கொம்பனிக்காரர் திரும்பப் பாக்கப்போகினமாம்.”

மனைவி பிள்ளையின் சட்டையை உயர்த்தினா. “முதுகைத் தடவிப் பாருங்கோ.”

ஜன்னலுக்கு வெளியே சுழலும் காற்றாலைகளைப் பார்த்தபடியே தடவினார். “வழுவழுப்பாத்தான் கிடக்கு.”

“இஞ்சருங்கோ,” அவவின் குரல் இறங்கியது. “பிள்ளைக்கு முதுகு முழுக்க வேர்க்குரு.”