ஏறின ஊர் மணி

இல்லக்கா, நாம இறங்கப்போற ஊர் மணி வேணாம். ஏறின ஊர்ல இப்ப என்ன மணி? நீங்க இன்னும் வாட்ச்சை மாத்தலையே, அதான் கேட்டேன். ஒண்ணு ஆகப்போகுதா. ம்.

ஒண்ணுமில்லக்கா. இவன் கால் உங்க மேல படுதா? இந்தப் பக்கம் திருப்பிக்கறேன். பல் முளைக்குது, கைல கிடைச்சதையெல்லாம் கடிக்கறான். பெல்ட்டை விடுடா தங்கம்.

எங்க அத்தை நினைப்புதான். அவரோட அம்மா. டிக்கெட்ல ஏறறது ஒம்போது, இறங்கறது ஒண்ணுன்னு போட்டிருந்துதா, அத்தை விரல் விட்டு எண்ணிட்டு, அட, நாலு மணி நேரம்தானா, என் மக வீட்டுக்கு பஸ்ல போனாலே அஞ்சு மணி நேரம், இது அதவிடப் பக்கம்னுட்டாங்க. சிரிக்காதீங்கக்கா. அந்த ஒண்ணு அந்த ஊரு ஒண்ணு, நடுவுல இன்னும் எட்டு மணி நேரம் ஒளிஞ்சிருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஸ்கூல்ல சிஸ்டர் உலக உருண்டையைச் சுத்திச் சுத்திக் காட்டினாங்களே. அத்தை பால் பாட்டில்கூட ரெண்டுதான் எடுத்து வெச்சாங்க. மிச்சத்தை நான் அவங்களுக்குத் தெரியாம பையோட அடியில திணிச்சேன்.

சொல்லியிருக்கலாம்தான். எங்கண்ணன் வீட்டுக்குத்தான் போறோம், அவனும் எல்லாத்தையும் சொல்லிட்டு வான்னுதான் சொன்னான். எப்படிக்கா சொல்ல? சொன்னா இவனை என்கிட்ட குடுத்திருக்கவே மாட்டாங்க. பக்கம்தானே, அடுத்த மாசமே புள்ளையக் கூட்டிட்டு வந்துடுன்னாங்க. சரி அத்தைன்னேன்.

திரும்பற டிக்கெட்டா? போடலைக்கா. அண்ணன் அங்கயே வேலை பாத்து வெச்சிருக்கான்.

அதக்கூட விடுங்க, இப்ப பயம் வேற. ஒரு மணிக்கு என் போன் வரும்னு உட்கார்ந்திருப்பாங்க. அந்தத் திரையில பாருங்க, இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். இங்கேருந்து பேச வழியில்லையாம், சாப்பாடு குடுத்துட்டுப் போச்சே, அந்த ஏர் ஹோஸ்டஸ் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை கேட்டாச்சு. பக்கத்து வீட்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கணும். எனக்குத்தான் புத்தி வேலை செய்யலை.

தூங்கிப் போயிருப்பாங்களா? நீங்க வேற. அவர் பைக்ல வந்துட்டிருந்த அன்னைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க. இதோ கிளம்பிட்டேம்மான்னார், ஆளைக் காணோம். போன் அடிச்சுது, அத்தைதான் ஓடிப்போய் எடுத்தாங்க. ஆஸ்பத்திரிலேருந்து யாரோ பேசினாங்க. இவன் அப்ப என் வயித்துல. அதுக்கப்புறம் வீட்ல போன் அடிச்சா அத்தை கை வைக்க மாட்டாங்க, அந்த ரூம்லயே இருக்க மாட்டாங்க. நான்தான் எடுக்கணும்.

காலைல வாசல்ல நின்னு, இவன் காதோரமாச் சொல்றாங்கக்கா. உங்கம்மாவை பயப்படாம போன் பண்ணச் சொல்லுடா, இன்னைக்கு நானே எடுக்கறேன்னு.