புகார் யார் கொடுப்பது

– வண்டியைத் திருப்பு ரகத். உம்மா சொல்றேன்ல, திருப்புடி. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தாச்சு, இன்னும் என்ன வீம்பு?

– நிறுத்த இடம் பாக்குறேன் உம்மா. அந்தப் பேரீச்ச மரத்தடியில நிழல் இருக்கு.

– நிழலாம். குடும்ப மானம் போகப் போகுது, இவளுக்கு நிழல் வேணும். நிக்காஹ் எழுதி மூணு மாசம். அடுத்த மாசம் விருந்து வச்சு உன்னை அவன் வீட்டுக்கு அனுப்பணும். ஜித்தா முழுக்க அழைப்பு போயாச்சு. பொண்ணு மாப்பிள்ளை மேலயே புகார் கொடுக்கப் போறாளாம்.

– மாப்பிள்ளை என்ன பண்ணார்னும் சேத்துச் சொல்லு. வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தவர், நான் காப்பி எடுக்க உள்ளே போன நேரத்துல, சார்ஜ்ல கிடந்த போனைத் திறந்துட்டார். நான் எண் அழுத்துறதை எப்பவோ ஓரக்கண்ணால பாத்து வச்சிருக்கார்.

– புருஷன்தானே பாத்தான், தெருவுல போறவனா? உன் வாப்பா இருந்த வரைக்கும் எனக்கு வர்ற கடுதாசியை அவர்தான் முதல்ல பிரிப்பார். நான் போலீஸுக்கா ஓடினேன்?

– அப்ப உனக்கு அது பிடிச்சிருந்துதா?

– அதை இப்ப எதுக்குக் கேக்குறே?

– சட்டத்துல புருஷனுக்குன்னு தனி வழி இல்லை உம்மா. கேக்காமத் திறந்தா குற்றம். பொண்டாட்டி திறந்தாலும் அதேதான். ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம், அபராதம் தனி. வக்கீலம்மா நேத்து வரி வரியா படிச்சுக் காட்டினாங்க.

– சட்டம் இருக்கட்டும். அவன் என்னத்தைப் பாத்தான், அதைச் சொல்லு. நான் அடுப்பங்கரையில இருந்து ஓடி வர்றதுக்குள்ளே செருப்பை மாட்டிட்டான். 'உங்க பொண்ணு வேற ஒரு ஆம்பளையோட பேசிட்டிருக்கா மாமி'ன்னு ஒரே பேச்சு, போயிட்டான். மூணு நாளா உன்னைக் கேக்குறேன், வாயைத் தச்சுக்கிட்டு உக்காந்திருக்கே.

– சொல்ல வேண்டிய நேரம் வரட்டும்னு இருந்தேன்.

– நேத்து உன் புருஷன் மிஷாரியே கூப்பிட்டான். மன்னிச்சுட்டானாம். என் அண்ணன்கிட்டகூட மூச்சு விடலையாம். இனிமே வாரா வாரம் உன் போனை அவன் கையில கொடுத்துடணும், அவ்வளவுதான் கேக்குறான்.

– அவ்வளவுதானா?

– யாருடி அந்த ஆளு? என் தலையில கை வச்சுச் சொல்லு.

– உம்மா, உன்னை எதுக்கு இங்கே கூட்டிட்டு வந்தேன்னு நினைக்கிறே?

– நீ எங்கே கூட்டிட்டு வந்தே? உன்னைத் தடுக்க நான்தான் ஓடி வந்து வண்டியில ஏறினேன்.

– ஏறுவேன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினேன். புகாரைப் போனுக்குச் சொந்தக்காரங்கதான் கொடுக்கணுமாம். என்னால கொடுக்க முடியாது.

– ஏன்?

– அவர் திறந்தது என் போன் இல்லை. பெருநாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாங்கினோம். உனக்கு மறந்துபோகும்னு என் எண்ணையே உன் போனுக்கும் பூட்டாப் போட்டேன். அன்னிக்கு என் போன் என் பைக்குள்ளதான் இருந்துச்சு.

– யா அல்லாஹ்.

– நான் எதையும் படிக்கலை உம்மா, சத்தியமா. அவர்தான் என் முகத்துக்கு நேரா வாசிச்சுக் காட்டினார். 'துறைமுகத்துல முப்பது வருஷம் கப்பலைக் கரை சேத்தேன், இப்ப உங்க குரலைக் கேட்டாத்தான் நான் கரை சேர்றேன். என் கேள்விக்கு எப்பத்தான் பதில் சொல்லுவீங்க?' தலால்னு பேர் இருந்துச்சு.

– என் கண்ணே. மூணு நாளா என் பழியை நீயா சுமந்தே?

– உன் அண்ணன் காதுக்குப் போனா உன்னை வாசல் தாண்ட விடமாட்டார். என்னைப் பத்தி மிஷாரி என்ன நினைச்சா எனக்கென்ன? அவரோட வாழப் போறதில்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

– அவன் படிச்சது உன்னோடதே இல்லையே. சொன்னா எல்லாம் சரியாயிடுமே.

– திறந்தது சரியாயிடுமா?

– நான் கையெழுத்து போட்டா ஊருக்கே தெரிஞ்சுடும், ரகத்.

– வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, வண்டியைத் திருப்பிடறேன். உன் பேச்சு உன்னோடது. கடைசி வரைக்கும் என் வாயில இருந்து வராது. இதோ, உன் போன் அடிக்குது. மிஷாரிதான்.

– ஸ்பீக்கர்ல போடு, நீயும் கேளு. சொல்லு மிஷாரி.

– மாமி, உங்க பொண்ணு என்ன சொல்றா? நான் பெரிய மனசு பண்ணி இறங்கி வந்திருக்கேன். அந்த ஆளு யாருன்னு மட்டும் அவ வாயால சொல்லட்டும்.

– அவ ஏன் சொல்லணும், நான் சொல்றேன். துறைமுகத்துல வேலை பாத்தவர். மனைவி தவறி ஆறு வருஷமாச்சு. நல்ல மனுஷன்.

– அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

– தெரியும் மகனே, நீ திறந்தது என் போன். இப்ப உள்ளே போய் உன் மேல புகார்ல கையெழுத்து போடப் போறேன். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லலை, முதல்ல உன்கிட்டதான் சொல்றேன்: நான் அவரைக் கட்டிக்கப் போறேன்.