அர்ஜுனன் வில்லைப் பிடித்த விதம்

தமிழர்கள் கரும்பு வெட்டப் போய்க் குடியேறிய தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம். நாடி விமான நிலையத்திலிருந்து லௌடோக்கா போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் மடியில் கோயில் கூத்துக்கான மரவில்.

"வில்லையா பிடிச்சான் அவன்? துடைப்பக்கட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சான்!" என்றார் வில் வைத்திருந்தவர்.

"விடுங்கண்ணே. அவன்தான் குடும்பத்தோட சிட்னிக்கு பிளேன் ஏறிட்டானே."

"வருஷா வருஷம் அவனே அர்ஜுனன். நான் பின்னாடி ஈட்டி தூக்கிட்டு நிக்கணும். மணிக்கட்டை வளைக்காதே, விரலை இறுக்காதே, பாரம் பெருவிரல் அடியில இருக்கட்டும்னு சொன்னா கேப்பானா?"

"இனிமே நீங்கதானே அர்ஜுனன். வில்லை அவனே உங்க கையில குடுத்துட்டுப் போயிருக்கான்."

"ஆமா. அவனுக்கு விசா, எனக்கு வில்லு."

மற்றவர் வில்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, விரல் படுற பக்கம் பெயிண்ட் அப்படியே இருக்கு. பெருவிரல் அடி படுற இடத்துல மட்டும் தேஞ்சு மரம் தெரியுது. நீங்க சொன்ன மாதிரியேதான் பிடிச்சிருக்கான்."

அண்ணன் வில்லைத் திரும்ப வாங்கி, மரம் தெரிந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டார்.

"லௌடோக்காவுல இறங்கினதும் முதல்ல ஒரு டப்பா பெயிண்ட் வாங்கணும்" என்றார்.