நேற்றுப் போட்ட கான்கிரீட்

காலை பத்து இருபதுக்கு, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரரின் போன் ஸ்பீக்கரில், நாகப்பட்டினத்து வீட்டில் தனியாக இருந்த அவருடைய அப்பா, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

"வாசலுக்கு வந்தா யாராவது பார்ப்பாங்களே," என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

"எப்படி வருவார்? வாசல்ல கார் ஏற நேத்துதானே கான்கிரீட் போட்டோம். கீறல் விழுந்தா உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சிடும், கால் வெச்சா கொன்னுடுவேன்னு மிரட்டிட்டு வந்தேன்."

"உங்க கான்கிரீட்டை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. ஒருவழியாக அவர் போன் அடித்தது. அவர் போன் செய்து அனுப்பியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் போய்ச் சேர்ந்திருந்தார்.

"ஐயா கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருங்க, வேர்த்துக் கொட்டுது. ஆட்டோ ரெடி. கான்கிரீட்ல கால் வைக்கலாமான்னு உங்களைக் கேக்கச் சொல்றாரு."