மருந்து போடாத கிணறு

புத்தகம் எதுவானாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் நெஞ்சு அடித்துக்கொள்ளாது பாருங்கள். புதுமண்டபத்தில் பழைய புத்தகம் விற்கிற ஜலால் பாய்க்கு இதில் ஒரே கேலி. "முடிவைத்தான் படிச்சிட்டீகளே, பாதி வெலைய வச்சிட்டுப் போங்கண்ணே" என்பார்.

வைத்தியம் வளர்ந்த கதையைச் சொல்கிற அந்தப் புத்தகத்தை அவரிடம்தான் வாங்கினேன். கல் உடைத்துக் காய்த்துப்போன கையால் அதைப் புரட்டுவதே தனிச் சுகம். சீமையில் ஒரு டாக்டர், காலரா தண்ணீரில்தான் வருகிறது என்றாராம். ஒருவரும் நம்பவில்லை. எந்தக் குழாயில் குடித்தவன் செத்தான், எதில் குடித்தவன் பிழைத்தான் என்று வீடுவீடாக அலைந்து நிரூபித்தார். அங்கே யார் வேண்டுமானாலும் எந்தக் குழாயிலும் பிடிக்கலாமாம். பாவம், மனிதருக்கு எம்புட்டுக் குழப்பம்.

நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மேலத்தெருவுக்கு ஒரு கிணறு, எங்கள் கீழத்தெருவுக்கு ஒரு கிணறு. அவர்கள் கிணற்றில் நாங்கள் வாளி போட முடியாது. எங்கள் கிணற்றை அவர்கள் எட்டிப்பார்க்கவும் மாட்டார்கள். சோதனைக்கென்றே யாரோ ஊரைப் பிரித்து வைத்த மாதிரி.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் சுற்றுவட்டாரத்தில் காலரா பரவியது. கிணற்றுக்கு மருந்து போடுகிற வேலை எனக்குக் கிடைத்தது. கிணற்றுக்கு ஒரு டப்பா. மேலத்தெருவில் நான் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, அவர்களே கரைத்து ஊற்றிக்கொண்டார்கள். தண்ணீர் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. பார்க்கவே அழகு.

எங்கள் கிணற்றுக்குப் போடவில்லை. என் வீட்டுப் பரணில் நீங்கள் எடுத்த டப்பா அதுதான். இரண்டிலும் போட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்? மேலத்தெருக் கிணற்றை விட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கே ஒருவர் செத்தால் மறுநாளே கலெக்டருக்கு மனு போகும். எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முனியாயி அத்தை மட்டும் குடத்தோடு வந்து நின்றாள். கல் சுமந்து என்னை வளர்த்தவள்.

"அங்கிட்டு மருந்து போட்டாச்சாமே மருமகனே. எங்களுக்கு எப்பப்பா?"

"நாளைக்கு வாரேன் அத்தே."

"நீ இருக்கையில எங்களுக்கென்ன" என்று குடத்தில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு நடந்தாள்.

அதற்கப்புறம் கீழத்தெருவில் எழவு விழாத வீடு இல்லை. அத்தைதான் முதலில் போனாள். மேலத்தெருவில் ஒரு குழந்தைக்குக்கூட வயிறு வலிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான முடிவு அந்தச் சீமை டாக்டருக்கே கிடைத்திருக்காது. சந்தோஷம் தாங்காமல் ஜலால் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். செத்துப்போவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் செய்தேன். தெரிந்தே எந்த மனிதனாவது செய்வானா?

நான் என்ன குடித்தேன் என்கிறீர்களா? வெந்நீர். தொண்டைக் கட்டு.

பெண்டாட்டி பிள்ளைகள் அலங்காநல்லூரில், மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். மேலத்தெருவில் மருந்து கரைப்பதற்கு முந்தின நாளே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டேன். இங்கே வெயில் ரொம்ப அதிகம், ஐயா.