இரண்டடிப் படுக்கை

இரண்டடி அகலமுள்ள படுக்கையில் ஒரு ஆள் தாராளமாகத் தூங்கலாம். வண்டிப் படுக்கை வசதியாக இல்லை என்று சொல்கிறவர்கள் குறையை அகலத்தில் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது நுரையில் இருக்கும், இல்லாவிட்டால் அடிப்பலகையில் இருக்கும். நான் முப்பத்தோரு வருஷம் பஸ் சீட் தைத்தவன், ஐயா. ஒருவர் உட்கார்ந்து எழுந்த சீட்டைப் பார்த்தாலே அவர் உடம்பு எங்கே அழுந்துகிறது, எங்கே தாங்கல் கேட்கிறது என்று சொல்லிவிடுவேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அந்த ரெக்கார்டர் ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கவுண்டரில் வேலை பார்த்தாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எனக்குப் பட்டறையில் பகல் மட்டும். அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அடுப்பு மேடையில் வைப்போம். மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேலையிலிருந்து நிற்கும் நாள் வரும், அன்றிலிருந்து இவள் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணவன் அப்படி நினைப்பதில் தவறு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

இருவரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். பட்டறையில் கழித்துக்கட்டிய வேன் ஒன்றை நானே எடுத்துச் சீர்செய்தேன். முன்னால் ஒரு சின்ன அடுப்பு, கைகழுவும் தொட்டி. பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படுக்கை. நடுவில் ஒன்றரையடி வழி. அதன் முடிவில் பின்கதவு, இறங்க ஒரு படி. அவள் ஏறிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது கட்டிலா, பெஞ்சாங்க? ரயில் பெர்த்துகூட இதைவிட அகலமா இருக்குமே. புரண்டா நேரா உங்க மடியிலதான் விழணும்."

"விழு. பிடிச்சுக்கறேன்," என்றேன்.

கிளம்பிய முதல் வாரம் அவளுக்கு இடுப்பு வலித்தது. நான் நுரையை அறுத்து, இடுப்பு வரும் இடத்தில் மட்டும் மெத்தென்று வேறு நுரை பதித்தேன். முழுப் பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்தேன். காற்று போனால் அடியில் ஈரம் தங்காது. விரிப்பு நழுவுகிறது என்றாள். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். காலையில் எழுந்து, "நல்லாத் தூங்கினேங்க," என்றாள். என் கையால் செய்த ஒன்றைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அவளே ஒரு யோசனை சொன்னாள். "நடுவுல ஒரு பலகை போட்டா ரெண்டும் ஒண்ணாயிடுமே." நல்ல யோசனை. பலகைகூட அளந்துவிட்டேன். அதே மூச்சில் அவள் அடுத்ததைச் சொன்னாள். "பொண்ணுக்கு நாள் நெருங்குது. நாப்பது நாள்ல திரும்பிடணும். அப்புறம் ஒரு ஆறு மாசம் நான் அவ வீட்டுலதான். நீங்க வண்டியை எடுத்துக்கிட்டு ஆசை தீர சுத்துங்க."

அளந்த பலகையைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஒரு ஏரிக்கரையில், வண்டிகள் தங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தோம். விடிந்த சமயம். மகள் போன் செய்தாள். தூக்கக் கலக்கத்தில் எட்டி எடுக்கப்போன என் மனைவி படுக்கையிலிருந்து விழுந்து கணுக்காலை மடக்கிக்கொண்டாள். அது தற்செயல். அதில் என் கை இல்லை. பக்கத்து வண்டியில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். வந்து பார்த்தார்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல, சுளுக்குதான். பத்து நாள் காலை ஊனாம இருங்க. அதான் சார் இருக்காரே, உங்களைத் தாங்கு தாங்குன்னு தாங்குறாரு."

அந்தப் பத்து நாளைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தண்ணீர் என்றால் நான். தலைவார நான். ஜன்னல் திரையை விலக்க நான். ஏரியில் பறவை இறங்கினால் அது என்ன நிறம் என்று என்னைத்தான் கேட்பாள். அவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது, ஐயா, எப்போதும் எங்கேயாவது கிளம்பிக்கொண்டே இருப்பவள். அந்தப் பத்து நாளும் கிளம்பவில்லை. எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோவாயில் ஒரு மச்சம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதினோராம் நாள் அவள் எழுந்து நின்றாள். நாலடி நடந்து காட்டினாள். "பரவாயில்லையே. நாளைக்குக் கிளம்பிடலாங்க," என்றாள்.

மறுநாள் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்கதவுப் படியின் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. இன்னொரு சுளுக்கு, இன்னொரு பத்து நாள், அவ்வளவுதான் நான் விரும்பியது. அவள் இறங்கக் கால் வைத்ததும் படி சாய்ந்தது. காய்ந்த சட்டம் முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது.

நர்ஸம்மா ஓடிவந்து துணியால் இறுக்கிக் கட்டினார். "உடனே ஆஸ்பத்திரி. நானும் கூட வரேன்," என்றார். "ரெண்டே படுக்கைதாம்மா, இடம் இல்ல. நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி இடதுபக்கச் சாலையில் இருந்தது. வழிகாட்டிப் பலகை வைத்திருந்தார்கள், பார்த்தேன். வலதுபக்கம் திரும்பினேன். மூடிக்கிடந்த ஒரு கல்குவாரிக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த இடம். நீங்கள் வந்த இடம்தான்.

அங்கே போனதும் வேலையை ஆரம்பித்தேன். கண்ணும் கருத்துமாகச் செய்தேன். ப்ளைவுட்டை அறுத்து, நுரை ஒட்டி, காலுக்கு இருபக்கமும் தாங்கல் வைத்தேன். குதிகால் அழுந்தாமல் இருக்க மெத்தையில் ஒரு குழி வெட்டினேன். புரண்டு விழாமல் ஓரத்தில் தடுப்புப் பலகை. மார்புக்கு, இடுப்புக்கு, தொடைக்கு என்று மூன்று பெல்ட். பட்டைக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைத்தேன், தோல் உரியக்கூடாது என்று. கொக்கிகளைப் பலகைக்கு வெளிப்பக்கம், கீழே வைத்தேன். அவள் கைக்கு எட்டாது. எட்டினால் வலியில் அவசரப்பட்டு அவிழ்த்துவிடுவாள்.

முதல் இரண்டு நாள் அவள் கத்தினாள். தொண்டை கட்டியபிறகு மெதுவாகத்தான் பேசினாள். ஆஸ்பத்திரியில் இருந்தவள் இல்லையா, விவரம் தெரியும். "காய்ச்சல் வருதுங்க. கிருமி ஏறிடுச்சுன்னு அர்த்தம். என்னைத் தூக்கிட்டுப் போங்க. விழுந்துட்டேன்னே சொல்றேன். உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"என்னைச் சொல்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு என் மனைவியின் போனிலிருந்து நான் பதில் அனுப்பினேன். அவள் எதை எழுதினாலும் சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்பாள். நானும் அப்படியே ஆரம்பித்தேன். இங்கே சிக்னல் சரியாக இல்லை, பேச முடியாது, நன்றாக இருக்கிறேன் என்று எழுதினேன். மகளுக்குச் சந்தேகம் வரவில்லை.

எட்டாம் நாள் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. அப்போது அவள் சொன்னாள், "பெல்ட்டை மட்டும் அவிழ்த்துவிடுங்க. நான் எங்கேயும் போகல. உங்ககூடவே இருக்கேன்." நான் அதை நம்பினேன், ஐயா. முழுசாக நம்பினேன். போகாதவளுக்கு அவிழ்த்து என்ன ஆகப்போகிறது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எதையும் குறை சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பிற்பகல், நான் ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. நான் துடைத்து முடித்தேன். கையையும் துடைத்தேன். விரிப்பு மாற்றினேன். பெல்ட்டுகளைத் திரும்ப மாட்டினேன்.

நாலு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு ஆள் சேரவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, நர்ஸம்மாதான் வண்டி எண்ணைக் கொடுத்தாராம். உங்கள் கான்ஸ்டபிள் கதவைப் போட்டு இடித்தார். "மெதுவாத் தட்டுங்க, தூங்குறா," என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். பழக்கமில்லாதவர்களுக்கு வண்டி வாடை அப்படித்தான் குமட்டும்.

படி என் வேலைதான். வலதுபக்கம் திருப்பியதும் நான்தான். பெல்ட்டும் நான்தான், அவள் கேட்டும் அவிழ்க்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்துதான் செய்தேன்.

நேற்று மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததாக நீங்கள் சொன்னீர்கள். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள், நுரை பொடிந்துவிடும். அம்மா இல்லாமல் பச்சைப்பிள்ளையோடு அவள் தனியாக என்ன செய்வாள்? என்னிடம்தான் வந்தாக வேண்டும். படுக்கை காலியாகத்தான் இருக்கிறது. மெத்தையை மாற்றிவிட்டால் அவளுக்குச் சரியாக இருக்கும். குழந்தையும் கூடப் படுப்பதானால் தடுப்புப் பலகையை இன்னும் நாலு விரற்கடை உயர்த்த வேண்டும். அளவு மனசில் இருக்கிறது.